எரியாத வீட்டிலிருந்து

உன் கல்யாணத்தில் ஓமம் வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "பையன் கட்சியில சேந்துட்டானா?" என்று கேட்டாள். ஐயரும் நெருப்பும் இல்லாத கல்யாணம் என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத நீண்ட சொற்பொழிவும் இருக்கும் என்பது அவள் எண்ணம். கட்சி இல்லை, பெண்ணுக்காக என்றேன். "தேவகிக்காகவா," என்றாள், முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. நீயோ "உங்களுக்குப் புரியும்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாய். செங்கல்பட்டில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வரி போதும் என்று நினைத்திருப்பாய். சரித்திர வாத்தியாருக்கு ஒரு வரி எப்போதும் போதாது. ஆகவே பதில் நீளமாக இருக்கும். மதராஸில் உன் அறைக்கு மின்சார விளக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதை இதற்குப் பயன்படுத்து.

கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சவுக்குத் தோப்பு எரிந்து தெரு சாம்பலான அந்த ஆனி மாதத்திலிருந்து எனக்கு நம் ஊர்க்காரர்கள் எல்லோர்மேலும் பொறாமை. வருத்தத்துக்கு நாகரிகமாக வைத்த பெயர் அல்ல இது, அசல் பொறாமை. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவனைத் தலைமையாசிரியர் ஆக்கியபோது வந்ததே, அதே சரக்கு. வீடு எரிந்தவனைப் பார்த்து வீடு எரியாதவன் பொறாமைப்படுவதைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எனவே இது என்னோடு ஆரம்பித்த நோயாகவும் இருக்கலாம். உன் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பொறாமைப்பட உங்களுக்கு வேற ஒண்ணும் ஆப்புடலியா?" என்று கேட்டாள். ஊரில் வேறு எதுவும் மிச்சமில்லையே என்றேன். அன்று எனக்குக் காபி தாமதமாக வந்தது.

நீ அன்று இங்கே இல்லை. நீ கேள்விப்பட்டதெல்லாம் ஓடியவர்கள் சொன்னது. ஊரின் அமைப்பை மனதில் வைத்துக்கொள். மேற்கே கால்வாயை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள். அதற்குக் கிழக்கே கீற்று வேய்ந்த வீடுகளாக ஒரே தெரு. அப்புறம் மணல், கடல். நம் ஓட்டு வீடு மட்டும் தெற்கே, குட்டைக்கு இக்கரையில். நெருப்பு எங்கே பிடித்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. பீடி என்பார்கள், படகுக்காரன் சமைத்த அடுப்பு என்பார்கள். மாதக்கணக்காக மழை இல்லை. தோப்புக்குள் சவுக்குச் சருகு முழங்கால் அளவு கிடந்தது. மேல்காற்று அடித்தது. மதராஸ் அடுப்புகளுக்குப் படகில் போக வேண்டிய விறகு படகு ஏறாமலே எரிந்தது. பிறகு தெருவுக்கு வந்தது. ஜனங்கள் கடலை நோக்கி ஓடினார்கள். புகையும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். தங்கள் தெரு இருந்த திசையில் அவர்களுக்குக் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மத்தியானத்துக்குமேல் கடல்காற்று திரும்பியபோது நெருப்புக்குத் தின்ன ஒன்றும் இல்லை. மனிதர் யாரும் சாகவில்லை. அதனால் பத்திரிகையில் நான்கைந்து வரிகளோடு போயிற்று.

நான்கு குடும்பங்கள் நம் வீட்டில் வந்து தங்கின. கூடம், ரேழி, என் புத்தக அறை எல்லாவற்றையும் கொடுத்தேன். உன் அம்மா பெரிய அண்டாவை இறக்கினாள். அவர்கள் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், "நல்லா கீது சார், ஒரு குறையும் இல்ல" என்றார்கள். ஒருவரும் என் வீட்டில் அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றினால் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, குட்டையைச் சுற்றி நடந்து, தங்கள் தங்கள் சாம்பல்மேட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தார்கள். ஆண்களும் போனார்கள், வேலி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு. அங்கே வேலி இல்லை. வீட்டுக்காரன் என்ற முறையில் இது எனக்கு அவமானமாக இருந்தது. பாயும் தலையணையும் கொடுத்தவனை நம்பி ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டார்களா? பிறகு பட்டணத்திலிருந்து பெரிய மனிதர்கள் காரில் வந்தார்கள். ஆனி வெயிலில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்து, மன உறுதியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். எனக்குக் கம்பளி கிடையாது. நான் கம்பளி எதிர்பார்த்து நிற்கவில்லை. ஆனால் வரிசையில் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றதைப் பார்த்தேன்.

தெரு மறுபடி எழுந்தது. இந்தத் தடவை சர்க்கார் உதவியில் எல்லாம் ஓட்டு வீடுகள். ஊரின் ஒரே ஓட்டு வீடு என்று நமக்கிருந்த பெருமையும் போயிற்று; அவர்கள் ஓடு சிவப்பு, நம்முடையது பாசி. சுவர் எழுந்ததே தவிர ஊர் பழையபடி ஆகவில்லை. மேல்காற்று வீசினால் வாசலில் மூட்டை வந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று கட்டியே இருக்கிறது: துணி, குழந்தையின் வெள்ளி அரைஞாண், சாமி படம். காதர் பாய் தன் டீக்கடை அடுப்பைக் கீற்றுக்கு அடியிலிருந்து தூக்கி வெறும் மணலில் வைத்துவிட்டார். "இன்னா பாய், அடுப்பு மூட்டலியா?" என்று கேட்டால், "காத்து பேஜாரா கீது, நாளைக்கு வா" என்பார். ஒரு டீக்கடை காற்றைப் பார்த்துத் திறப்பதும் மூடுவதும் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. செங்கல்பட்டிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். ஊர் அதைக் குடித்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒருவன் நெருப்பு, மற்றவர்கள் ஊர். ஊர் ஓடிக் கடலைத் தொட்டுவிட்டால் தப்பித்தது. ஓட்டு வீட்டு சாராக நிற்க ஒரு பையனும் சம்மதிப்பதில்லை. கடைசியில் ஒரு வேப்பமரத்தை நானாக வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

எனக்கும் அந்த நாளுக்குப் பிறகு சரியான தூக்கம் இல்லை. உன் அம்மா தாளிக்கும்போது எண்ணெய் புகைந்தால் கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். இதை உன் வருங்கால மாமனார் ஏகாம்பரத்திடம், டீக்கடையில் அடுப்பு எரிந்த ஒரு நல்ல நாளில், துணிந்து சொன்னேன். "எனக்கும் தூக்கமே வர்றதில்ல, ஏகாம்பரம்." அவர் அன்போடு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "வயசாவுது இல்ல சார்," என்றார். பக்கத்திலிருந்தவர் இன்னும் ஒரு படி போய், "உங்களுக்கு இன்னா சார், ஓட்டு வூடு," என்றார். அவர் அதை டீக்கடையை ஒட்டிய தன்னுடைய புது ஓட்டு வீட்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்: "எங்க முருங்கை நின்ன எடத்துல", "உங்க ஆட்டுரலு வெடிச்சுதே". அந்தப் பேச்சுக்குள் நுழைய ஒரு வீட்டையாவது இழந்திருக்க வேண்டும். அத்தனை சரித்திரம் படித்தவனுக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் பேசுகிறான், எல்லோரும் கேட்கிறார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்கு முன்பே, தெரு எழுந்துகொண்டிருந்தபோது, நீ வந்தாய். மகாபலிபுரம்வரை பஸ், அங்கிருந்து நடை. ஊர் எல்லைக்கு வந்தவன் குட்டைப் பக்கம் திரும்பாமல் நேரே தெருவுக்குப் போனாய். உன் அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூங்கில் தூக்கினாய், மண் குழைத்தாய், லீவு முடியும்வரை அவர்கள் போட்ட பந்தலில் படுத்தாய். நெருப்பன்று ஊரிலேயே இல்லாத உன்னை "நம்ம தம்பி" என்றார்கள். நெருப்பைப் பார்த்த நான் இன்றைக்கும் "சார்". சாயங்காலங்களில் ஏகாம்பரத்தின் பக்கத்தில் நீ உட்கார்ந்து அவர் பேசுவதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது குட்டைக்கு இக்கரையிலிருந்து நன்றாகத் தெரியும். என்னிடம் நீ அவ்வளவு நேரம் தொடர்ந்து எதையும் கேட்டதில்லை, பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த வருஷத்தைச் சேர்த்துக்கொண்டாலும். அவர் விறகு வியாபாரி. தன் வீட்டில் ஒரு கட்டு விறகுகூட வைத்துக்கொள்ளாமல் அன்றாடம் பக்கத்து வீட்டில் வாங்கி எரிக்கிற விறகு வியாபாரி. அந்த மனிதரிடம் என்ன இருக்கிறது என்று நான் உன் அம்மாவைக் கேட்டேன். "பொண்ணு இருக்கு," என்றாள். அப்படித்தான் எனக்கு உன் கல்யாண விஷயம் தெரிந்தது.

ஆகவே உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை நானே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மற்றவர்களுக்காக வாதாடுவதில் எனக்குப் பழக்கமுண்டு. ஓமம் வேண்டாம் என்று சொன்னால் ஏகாம்பரம் கும்பிட்டு ஒப்புக்கொள்வார், ஒரு முறையாவது அந்தத் தெருவில் என் சொல் எடுபடும் என்று எண்ணியிருந்தேன். அவர் கும்பிடவில்லை.

"இன்னா சம்பந்தி, படிச்சவரு நீங்க," என்றார். "நெருப்பு இல்லாம தாலி கட்டினா நாலு பேரு இன்னா பேசுவான்? பொண்ணுக்குப் புத்தி கொஞ்சம் அப்படி இப்படி, அதான் மூடி மறைக்கறாங்கன்னுவான். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட அதையே சொல்லுவான். ஆயுசுக்கும் அந்தப் பேரு போவாது."

"அவளுக்கு அடுப்புப் பத்தவைக்கவே கை நடுங்குதுன்னு பையன் எழுதியிருக்கானே," என்றேன்.

"பக்கத்துல ஒரு குடம் தண்ணி வெச்சுகினுதான் சமைக்கறா. சமைக்கறா இல்ல? இந்தத் தெருவுல யாருக்கு நடுங்கல, சொல்லுங்க."

"எனக்குக்கூடத்தான்."

"உங்களுக்கு இன்னா சம்பந்தி," என்று ஆரம்பித்தார்.

நீ சொல்வதும் நியாயம், அவர் சொல்வதும் நியாயம். ஒரு பக்கம் அந்தப் பெண் மணையில் உட்கார்ந்து அத்தனை பேர் முன்னால் நடுங்க வேண்டும்; அல்லது பாதியில் எழுந்து ஓட வேண்டும். மறுபக்கம், ஓமமே இல்லாமல் விட்டால் பைத்தியம் என்ற பெயரைத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் எது நடந்தாலும் அதைச் சுமக்கப் போகிறவள் அவள். நாம் மூன்று ஆண்பிள்ளைகள் அவளைக் கேட்காமல் கடிதமும் வாதமுமாக இருந்தோம். இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்துக்கொள்ள முடியாது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தேவகி தானாக வெளியே வந்து கதவருகே நின்றாள்.

"மாமா, நெருப்பு புடிச்ச அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

இதை இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு வீடு இருந்தது; நான் எங்கே இருந்தேன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "கூரை மேல," என்றேன். ஏணி வைத்து ஏறி, ஈரச் சாக்குகளை ஓட்டின்மேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் குடங்களை உன் அம்மா கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தாள். நம் வீட்டுப் பக்கம் புகை வரவில்லை.

"அப்ப எங்க வூடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தெரு முழுக்கத் தெரிஞ்சுது."

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேவகி நடுவீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். எந்தப் பக்கம் முதலில் பிடித்தது என்று கேட்டாள். வடமேற்கு மூலை, அடுப்பங்கரைக் கூரை என்றேன். சட்டென்று விழுந்ததா, நின்று எரிந்ததா என்று கேட்டாள். நடு விட்டம் உடைந்து உள்பக்கமாக விழுந்தது, அதற்குமேல் நின்று எரியவில்லை என்றேன். அவர்கள் எல்லோரும் கடலுக்குள் புகையைப் பார்த்து நின்றவர்கள். தன் வீடு எப்படிப் போயிற்று என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஒவ்வொருவரும் அதை மனதுக்குள் வேறு வேறு விதமாக எரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கன்னுக்குட்டி?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"நான் எப்பவும் கட்டமாட்டேன் மாமா. அன்னிக்கு அவரைக் கொடியைத் தின்னுதுன்னு ஒரு அடி வெச்சு, கொட்டாயில கட்டிட்டுக் கெணத்துக்குப் போனேன். போட்ட முடிச்சு இன்னும் கையிலயே கீது."

பொய் சொல்வதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். தேவைப்படவில்லை. கொட்டாய்க்குச் சுவர் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நெருப்பு வருவதற்கு வெகுநேரம் முன்பே புகை வந்து அந்தக் கோடியில் படிந்துவிட்டது. கன்று கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு கால் மடக்கிப் படுத்தது, தலையையும் சாய்த்துக்கொண்டது. நெருப்பு கொட்டாயைத் தொட்டபோது அது அசையவில்லை. எழுந்திருக்க முயலவும் இல்லை. இதைச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள், சொன்னேன். அவள் அழுதாள். சாம்பல்மேடு எல்லாம் இப்போது வீடாகிவிட்டதால் போவதற்கு வேறு இடம் இல்லை. என் எதிரிலேயே அழுதாள்.

"இத்தினி நாளா சொல்லவே இல்லியே சார்," என்றார் ஏகாம்பரம். சம்பந்தி என்பதை மறந்துவிட்டார்.

"யாரும் கேக்கலியே."

"எங்க திண்ணைத் தூணு? தேக்கு அது. அது எப்படி..." என்று அவர் ஆரம்பித்தார். அவருக்கும் சொன்னேன். நேற்றுச் சாயங்காலத்துக்குள் தெருவில் விஷயம் பரவிவிட்டது. இன்று காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கள் வீடு எப்படிப் போயிற்று என்று கேட்கிறார்கள். காதர் பாய் அடுப்பை மூட்டிவிட்டே வந்தார். உன் அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓமம் விஷயத்துக்கு வருகிறேன். தேவகி முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே முடிவு சொன்னாள். "வெக்கட்டும் மாமா. ஆனா நீங்க எனக்கு நேர் எதிர்ல உக்காருங்க. நான் நெருப்பைப் பாக்கமாட்டேன், உங்க மூஞ்சைத்தான் பாப்பேன். நீங்க எழுந்து ஓடினா நானும் ஓடிடுவேன்." எனக்கு முட்டிவலி, ஓடும் உத்தேசம் இல்லை என்றேன். சிரித்தாள். கன்றைப் பற்றி உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. வாயால என்னால சொல்ல முடியல," என்றாள். இத்தனை சாயங்காலங்கள் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரியாத ஒன்று எனக்கு முதலில் தெரிந்திருக்கிறது. இதைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அவளோடு குடித்தனம் நடத்தும்போது சிலவற்றைப் பார்த்துக்கொள். அடுப்பு அணைந்துவிட்டதா என்று அவள் படுத்தபின் எழுந்து போய்ப் பார்த்தால், பார்த்தாயிற்றே என்று சொல்லாதே; நீயும் கூடப் போய்ப் பார். வாசலில் மூட்டை இருக்கும். அதை எடுத்துப் பரண்மேல் வைத்து ஒழுங்கு செய்யாதே, உன் துணியையும் ஒன்று அதில் வைத்துவிடு. நாள் ஆகிவிட்டது, மறந்துவிடு என்று சொல்ல உனக்கு ஒருநாள் தோன்றும். அன்று வாயை மூடிக்கொண்டு எனக்கு எழுது. உன் பொறுமையை நினைத்து நீயே நெகிழ்ந்துபோகாதே. அது வெளியில் தெரியும், பெண்களுக்குப் பிடிக்காது. ஊருக்கு வரும்போது முதலில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை உன் விருப்பத்துக்கு விடுகிறேன்; உன் அம்மா வாசலில் நிற்பாள் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

முகூர்த்தம் காலையில். அந்த நேரத்தில் மேல்காற்று இருக்கும். அந்தத் தெருவுக்கு அது ஆகாத காற்று. ஆனால் கிழக்குப் பார்த்து உட்காரும் பெண் மாப்பிள்ளைக்கு அதுதான் நல்லது, புகை உங்களை விட்டு விலகிப் போகும். தேவகியை முற்றத்துக்குக் கூட்டிப் போய், ஒரு சாம்பிராணிக் கட்டியை ஏற்றி வைத்துக் காட்டினேன். நான்கு அடி தள்ளி நின்று, புகை போகும் வழியைக் கடைசிவரை பார்த்தாள், சரி என்றாள். அவ்வளவு புகையும் எதிரில் உட்காருகிறவன் முகத்துக்கு வரும். தாலி ஏறும்வரை கண்ணைக் கசக்காமல், முகத்தைத் திருப்பாமல் உட்கார வேண்டும். இன்று மத்தியானம் ஏகாம்பரம் வந்து, பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் அந்த இடத்தைத் தனக்குக் கேட்டார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.